முன்பலகையின் ஆட்டம்

கோவைக்கு வெளியே பந்தயக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்திய பிருந்தாவுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு அறுபது. அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

சென்னியப்பன் பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிணற்று மேட்டில் கான்கிரீட் போட்டு, மோட்டாரை இம்மியும் அசையாமல் இறுக்குவதே ஆயுள் முழுக்க அவர் செய்த வேலை.

அவருடைய ஒரே மகள் மிதுலா பந்தயக் கார் ஓட்டுகிறாள். போன வருடம் ஓட்டத்தின் நடுவில் ஒரு சக்கரம் கழன்று கார் சுவரில் மோதியது. அவளுடைய தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடியதும், மறுபடி ஓட்டுவேன் என்றாள். அவர் தடுக்கவில்லை.

"இனிமே உன் வண்டிய நாந்தான் பூட்டுவேன்," என்றார். "அதுக்கு மேலயும் ஏதாச்சும் கழண்டுச்சுன்னா, அன்னிக்கோட நிறுத்திக்கோணும்."

அவள் கையில் அடித்துச் சம்மதம் சொன்னாள். மறுவாரமே அவர் பிருந்தாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் காலை, பயிற்சி ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு மிதுலா, பந்தய மைதானத்தில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்த கொட்டகைக்குத் திரும்பி வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நேர் ரோட்டுல வேகம் ஏற ஏற முன்னாடி கனமே இல்லாத மாதிரி இருக்குது. ஸ்டீயரிங்கத் திருப்புனா வண்டி யோசிச்சுத்தான் திரும்புது."

பிருந்தா காரின் முன்னால் வந்து நின்றாள். பம்பருக்கு அடியில், தரையை ஒட்டி, நாக்கு நீட்டியது போல் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. ஸ்ப்ளிட்டர் என்பார்கள். எதிர்க்காற்றை மேலும் கீழுமாகப் பிரித்து, வேகத்தில் காரின் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கி வைப்பது அதுதான். பிருந்தா அதன் ஓரத்தைக் காலால் அழுத்தினாள். பலகை ஆடியது.

சென்னியப்பனின் முகம் வெளுத்தது.

"கழண்டுருச்சா?"

"கழலலப்பா. ஆடுது."

"ரெண்டும் ஒண்ணுதான் சாமி. பேசுன பேச்சு ஞாபகம் இருக்குதுல்ல? லாரிய வரச் சொல்லு. வண்டிய ஏத்திட்டுப் போயிரலாம்."

மிதுலா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிருந்தாவைப் பார்த்தாள்.

"பந்தயம் நாளைக்கு மத்தியானந்தானுங்ணா," என்றாள் பிருந்தா. "நீங்களே மாட்டுங்க. மாட்டுன பொறவும் மனசு ஒப்பலைன்னா, லாரிக்கு நானே போன் பண்றேன்."

சென்னியப்பன் காருக்கு அடியில் படுத்தார். பலகையைப் பிடித்திருந்த திருகுகள் அவர் போட்டவை அல்ல; பம்பரோடு வந்தபடியே அதன் பிளாஸ்டிக்கில் இருந்தன. அதிர்ந்து அதிர்ந்து ஓட்டைகள் பெரிதாகிவிட்டன.

"இது வெறுந்தோலு. தோல்ல மாட்டுனா எப்படி நிக்கும்?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பிருந்தா தலையசைத்தாள். அதை அவர் பார்க்கவில்லை.

பலகையின் பின்விளிம்பை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினார். முன்விளிம்பு தொங்காமல் இருக்கத் தடித்த இரும்புக் கம்பிகளை அறுத்து, ஒரு முனையைப் பலகையிலும் மறுமுனையைச் சட்டத்திலும் வைத்து இறுக்கினார். இறுக்கியதை மறுபடி இறுக்கினார். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனான்.

"ஏனுங் பெரியவரே, கார் பூட்டறீங்களா, பாலங் கட்டறீங்களா?"

"பாலந்தான் தம்பி. மேல போறது எம்பட புள்ள."

வேலை முடிந்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"இனி அசையாதுங்க அம்மணி."

"ஏறி நில்லுங்க," என்றாள் பிருந்தா.

அவர் தயங்கினார்.

"வேகத்துல காத்து உங்களவிடக் கனமா இருக்குமுங்ணா. ஏறுங்க."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை மேல் ஏறி நின்றார். அது அசையவில்லை. அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத வெளிச்சம் வந்தது.

பிருந்தா கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு மரக்கட்டையை இழுத்து வந்து காரின் முன்னால் போட்டாள்.

"மிதுலா, வண்டிய எடு. இதுல ஏத்து."

"வேண்டாமுங்க," என்றார் சென்னியப்பன்.

"ஏத்து."

மிதுலா அப்பாவைப் பார்த்தாள். அவருடைய குருவைப் பார்த்தாள். காரை மெதுவாக நகர்த்தினாள். பலகை கட்டையில் முட்டியது. மேலே தூக்கிக்கொள்ள வழியில்லாமல் ஒரு கணம் விறைத்து நின்றது. பிறகு படாரென்று நடுவில் பிளந்தது. ஒரு கம்பி சட்டத்தின் விளிம்பையும் வளைத்துக்கொண்டு பிய்ந்து விழுந்தது.

"ஒடச்சுப் போட்டீங்களே அம்மணி!"

"ஆமாங்ணா."

"காலைல இருந்து முதுகு ஒடியப் பூட்டுனதுங்க!"

"வளைவுல வண்டி ஏறிப் போற ரோட்டோரக் கட்டை இதே ஒசரந்தான். நான் ஒடைக்கலீன்னா நாளைக்கு அது ஒடச்சிருக்கும். இவ உள்ள இருந்திருப்பா."

சென்னியப்பன் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். மிதுலா இறங்கி வந்து, உடைந்த பலகையைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"அப்பா, உங்க மோட்டாரு கெணத்த விட்டு எங்கயும் போகாது," என்றாள். "அதான் உங்களுக்கு அதும் மேல அவ்வளவு பிரியம்."

"வாயப் பாரு," என்றார். ஆனால் குரலில் கோபம் இல்லை. பிறகு பிருந்தாவிடம் கேட்டார்.

"ஆடவும் கூடாது, ஒடையவும் கூடாதுன்னா எப்படீங்க புடிக்கறது?"

பிருந்தா கொட்டகை அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு இரும்பு வடத்தை எடுத்தாள். சைக்கிள் பிரேக் கம்பியைவிடக் கொஞ்சம் தடிமனானது. ஒரு முனையை அவரிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க."

அவர் இழுத்தார். இருவருக்கும் நடுவில் வடம் விறைத்து நின்றது.

"இன்னும் இழுங்க."

பலம் கொண்ட மட்டும் இழுத்தார். வடம் இம்மியும் நீளவில்லை.

"இப்ப என்னப் பாத்து வாங்க."

அவர் நடந்து வந்தார். வடம் தொய்ந்து தரையில் படுத்தது.

"வராதீங்கன்னு அது ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"திரும்பிப் போங்க."

அவர் பின்னால் நகர்ந்தார். ஓர் இடத்தில் வடம் மறுபடி விறைத்து அவரை நிறுத்தியது. சென்னியப்பன் அங்கேயே நின்று கையிலிருந்த முனையைப் பார்த்தார். முன்னால் ஒரு அடி வைத்தார். பின்னால் ஒரு அடி வைத்தார். வடத்தைச் சுருட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

வளைந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்தினார். புதுப் பலகை ஒன்றை அறுத்து, பின்விளிம்பைச் சட்டத்தில் பூட்டினார். இரும்புக் கம்பிகள் இருந்த இடங்களில் வடங்களைக் கட்டினார். இந்த முறை யாரும் சொல்லாமலே அதன் மேல் ஏறி நின்றார். வடங்கள் விறைத்துக்கொண்டு அவரைத் தாங்கின. பலகை கீழே இறங்கவில்லை. அவரே கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏத்து சாமி."

மிதுலா ஏற்றினாள். பலகை கட்டையில் முட்டி, முன்விளிம்பு மட்டும் வளைந்து மேலே எழும்பியது. வடங்கள் தொய்ந்தன. கட்டையைக் கடந்ததும் பலகை தன் இடத்துக்கு இறங்கியது. வடங்கள் மறுபடி விறைத்தன. நாய் தூக்கத்தில் காதைத் தூக்கிப் போடுவது போல அவ்வளவு சின்னச் சத்தம்.

"இன்னொருக்கா ஏத்து."

ஏற்றினாள்.

"இன்னொருக்கா."

"அப்பா, நாளைக்கு டயர் வேணும்ப்பா!"

பிருந்தா டீ குடிக்கப் போய்விட்டாள். அன்று லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம். காற்று வீசிக்கொண்டிருந்தது. கார்கள் வரிசையாகக் கொட்டகைகளை விட்டுப் புறப்பட்டன. பிருந்தாவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காரில் கடைசியாக வேலை செய்தவர் போனட்டின் மேல் கை வைத்து நிற்பார். எல்லாம் சரி என்று அவர் கையை எடுத்த பிறகுதான் ஓட்டுபவர் இன்ஜினைப் போடுவார்.

சென்னியப்பன் கை வைத்து நின்றார். பக்கத்துக் கார் போனது. அதற்கு அடுத்ததும் போனது. அவர் கையை எடுக்கவில்லை.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"இன்னும் ஒரே ஒரு போல்ட்டு போட்டுறலாங்களா?"

"போடலாமே. எங்க ஆடுதுன்னு காட்டுங்க."

அவர் குனிந்து பலகையை அழுத்தினார். அது ஆடவில்லை. வடங்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே சுருதியில் ஒலித்தன. பம்பரைத் தட்டினார். சக்கரங்களை உதைத்தார். சுற்றி வந்து, முன்பு நின்ற இடத்திலேயே நின்று, போனட்டில் கை வைத்தார். கண்ணாடிக்கு உள்ளே ஹெல்மெட்டின் இடுக்கில் மகளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆடுதுங்க அம்மணி," என்றார் மிக மெல்ல.

பிருந்தா அவர் பக்கத்தில் வந்து பார்த்தாள். இன்ஜின் இன்னும் போடப்படவில்லை. கார் அசையாமல் நின்றது. அதன் மேல் இருந்த அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் தன் கையை நீட்டி அவர் கைக்குப் பக்கத்தில் போனட்டின் மேல் வைத்தாள். கிரீஸ் ஏறிய அவளுடைய விரல்களும் நடுங்கின.

"இதுக்குப் போல்ட்டு நானும் தேடிட்டுத்தான் இருக்கறனுங்ணா," என்றாள். "கைய எடுங்க. புள்ள காத்துட்டு இருக்குது."

சென்னியப்பன் கையை எடுத்தார்.