வெறும் வாசல்

ஒரு காலத்தில், அதாவது போன வருஷம்தான், சங்கரன்கோவிலில் ஒரு கட்டைவிரல் இருந்தது. தவமணி என்பவளின் வலது கைக் கட்டைவிரல். விடிந்தால் ஆள்காட்டிவிரலோடு சேர்ந்து கோலமாவு கிள்ளும், புள்ளி வைக்கும், கோடு இழுக்கும். அந்த வேலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சலிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தவமணி கோலத்தைப் படம் பிடித்து முகநூல் கோலக் குழுவில் போடுவாள். போட்டால் போதுமா? ஊரார் கோலத்துக்கெல்லாம் நாம் ஹார்ட் போட்டால்தானே அவர்கள் நமக்குப் போடுவார்கள்? கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். அதனால் காபி ஆறிப்போகும்வரை கட்டைவிரல் தள்ளும், தட்டும், மறுபடி தள்ளும், தட்டும். ஹார்ட் குறைந்தால் தவமணியின் முகம் அன்று முழுக்க வாடிக் கிடக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இந்தப் பாடு.

ஐப்பசியில் ஒருநாள் அது வாய்விட்டே சொல்லிவிட்டது. "என்னால முடியலை. எந்தக் கோலம் நல்லாயிருக்குன்னு பார்த்துச் சொல்லேன். அதுக்கு மட்டும் தட்டுறேன்."

"எனக்கு எங்கே நேரம்?" என்றது கண். "நமக்கு எத்தனை விழுந்திருக்குன்னு பார்க்கவே சரியா இருக்கு. நீ பாட்டுக்குத் தட்டு."

போனின் அடியைத் தாங்கியிருந்த சுண்டுவிரல் தயங்கித் தயங்கிச் சொன்னது. "இப்போ போச்சே, காரைக்குடி மீனாள் வாசல், ஏதோ வெறிச்சுன்னு இருந்த மாதிரி..."

"மீனாளுக்குத் தட்டியாச்சா இல்லையா?" என்றது கண்.

"தட்டியாச்சு," என்றது கட்டைவிரல்.

"அப்புறம் என்ன. அடுத்ததுக்குப் போ."

மாசியில் தவமணியின் கணவர் சுடலைமுத்து இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. மறுநாள் காலையில் தவமணி பழக்க தோஷத்தில் எழுந்து வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்தாள். துக்க வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லை. ஈர மண்ணைப் பார்த்தபடி நின்றாள். என்ன தோன்றியதோ, அந்த வெறும் வாசலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை.

எழுதத்தான் வேண்டுமா? கோலம் இல்லாத வாசலுக்கு என்ன அர்த்தம் என்று கோலம் போடுகிறவளுக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தி என்னவென்று கேட்பாள் என்று தவமணி காத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஹார்ட்டுகள் மளமளவென்று விழுந்தன. 'சூப்பர் அக்கா' என்றாள் ஒருத்தி. 'இன்னிக்கும் அசத்திட்டீங்க' என்றாள் இன்னொருத்தி. 'என் கோலத்தையும் பாருங்க சிஸ்டர்' என்று ஒரு சுட்டியும் வந்தது.

"ஒருத்தருமா பார்க்கலை?" என்றது கண், கலங்கிப்போய்.

கட்டைவிரலுக்குப் புரிந்தது. தட்டியதெல்லாம் தன்னைப் போன்ற கட்டைவிரல்கள். பாவம், அவற்றுக்கும் காபி ஆறிக்கொண்டிருக்கும். யாரைக் கோபித்துக்கொள்வது?

மத்தியானம் முகநூல் வழியாக ஓர் அழைப்பு வந்தது.

"அக்கா, காரைக்குடி மீனாள் பேசுறேன். வாசல் வெறுமையா இருக்கே. யாருக்கா?"

தவமணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடிக்கும்வரை மீனாள் பொறுமையாக இருந்தாள்.

"இத்தனை பேர்ல நீ ஒருத்திதான் பார்த்தே, தாயி. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"போன ஐப்பசியில எங்கம்மா போனப்ப, நானும் வெறும் வாசலைத்தான்க்கா போட்டேன். முதல் ஹார்ட் நீங்கதான் போட்டிருந்தீங்க."

உள்ளங்கைக்குள் மடங்கி ஒளிந்துகொள்ளலாம் என்றால், கட்டைவிரல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.