ஆவலாங்கரை நாலு சக்கர பைக்

ஆவலாங்கரைக் கடற்கரையில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து, மணலில் ஓடும் நாலு சக்கர பைக் ஒன்றை வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு சக்கரம் என்று பேச்சு. அதனால் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. ஒரு சக்கரம் பஞ்சரானால் மற்ற மூன்று பேரும் ஒதுங்கி நின்று அனுதாபப்படுவார்கள்.

இடது முன்சக்கரத்துக்குச் சொந்தக்காரர் மாசிலாமணி. அவர்தான் தலைவர். குருசு, சுயம்பு, பிச்சைக்கனி மூவருக்கும் மீதிச் சக்கரங்கள். இன்ஜின் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றினால்தான் பிழைக்கும். ஆயில் யார் பொறுப்பு என்று நாலு பேரும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், பிஸ்டன் சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

டவுனில் தங்கையா என்று ஒரு மெக்கானிக். கெட்டிக்காரர், கொஞ்சம் முன்கோபி. சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டு, குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அனுப்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"காத்துப் போற வாயில துணி அடைச்சிருக்கேன். கடக்கரையில மணல் பறக்கும், உள்ள போயிரக் கூடாது. ஸ்டார்ட் பண்ணும்போது எடுத்திருங்க."

வண்டி ஓடுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மறுநாள் தை அமாவாசை. ஊர்ப்பட்ட கூட்டம் கடலாட வரும். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய இடத்தில் சவாரி விடுவதற்கு பஞ்சாயத்து ஒருவருக்குத்தான் அனுமதி தரும். நாளைக் காலை வண்டி ஓடாவிட்டால் அந்த இடம் குதிரைக்கார மிக்கேலுக்கு என்று பிரசிடெண்டம்மா சொர்ணம் கறாராகச் சொல்லிவிட்டாள். மற்ற மூவருக்கும் மீன்பிடித் தொழில் இருக்கிறது. மாசிலாமணிக்கு இருப்பது மச்சினன் மளிகைக்கடைதான். அங்கே மறுபடி போய்ப் பொட்டலம் மடிக்க வேண்டும் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினன் வேறு, வாங்க மாப்ளே வாங்க என்று சிரிப்பான்.

ஆகவே வேலை மும்முரமாக நடந்தது. சுயம்பு, காற்று வாயில் இருந்த துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வண்டியருகே குந்தினார். பிச்சைக்கனி கிக்கரை மிதித்தார். மிதித்தார், மிதித்தார், வேட்டி அவிழும் வரை மிதித்தார். வண்டி இருமக்கூட இல்லை.

மாசிலாமணி தங்கையாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"முதல்ல பிளக்ல பொறி வருதான்னு பாருங்க," என்றார் தங்கையா. "பிளக்கைக் கழத்தி, வயரை மாட்டி, இன்ஜினைத் தொடுத மாதிரி வச்சிக்கிட்டு கிக்கரை மிதிங்க. வெயில்ல பொறி தெரியாது. இருட்டா இருந்தாத்தான் தெரியும்."

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நாலு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"ராத்திரி வரை காத்திருக்க முடியாதே," என்றார் மாசிலாமணி கவலையோடு.

"எதுக்குண்ணே காத்திருக்கணும்?" என்றார் குருசு. "கண்ணை மூடுனா இருட்டுதானே?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. நாலு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். பிச்சைக்கனி மிதித்தார்.

"யாருக்காவது தெரிஞ்சுதா?"

"எனக்குக் கும்மிருட்டு."

"எனக்கும் அப்படித்தான்."

"அப்போ பொறி இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார் மாசிலாமணி. மளிகைக்கடைத் தராசு அவர் கண்முன்னே ஆடியது.

அப்போது சுயம்பு மெல்ல, "எனக்கு நீலமா ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுதுண்ணே," என்றார். விசாரித்ததில், மூக்கில் ஈ உட்கார்ந்ததால் அவர் ஒரு கண்ணைத் திறந்தது வெளியே வந்தது. முறை தவறிப் பார்த்ததைக் கணக்கில் எடுக்கலாமா என்று நெடுநேரம் விவாதித்தார்கள். கடைசியில், திறந்தது ஒரு கண்தான் என்பதால் பொறியைப் பாதியளவுக்கு ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று.

தங்கையா அடுத்ததைச் சொன்னார். "பொறி வருதுன்னா கம்ப்ரஷன் பாருங்க. பிளக் ஓட்டையை விரலால அடைச்சிக்கிட்டு மிதிங்க. விரலைத் தள்ளணும்."

தலைவர் என்ற முறையில் மாசிலாமணி விரலை வைத்தார். பிச்சைக்கனி ஒரு மிதி மிதித்ததும் 'புஸ்' என்று காற்று விரலைத் தள்ளிவிட்டது. மாசிலாமணியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னையே தள்ளுதுல," என்றார்.

"நீங்க போன மாசம் அதைத் திட்டுனீங்கல்லா, அந்தக் கோவமா இருக்கும்," என்றார் குருசு. "நான் வச்சிப் பாக்கேன்."

குருசுவையும் தள்ளியது. சுயம்புவால் ஒரு கையைத் துணியிலிருந்து எடுக்க முடியாது, மறுகையால் வைத்தார், அவரையும் தள்ளியது. பிச்சைக்கனி மிதித்து மிதித்து வண்டியோடு நெருங்கிப் பழகியவர் என்பதால் அவரைத் தள்ளாது என்று எல்லோரும் நம்பினார்கள். அவரையும் தள்ளியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, ஒருத்தர் விரலையும் அது ஏத்துக்க மாட்டேங்கு," என்று போனில் முறையிட்டார் மாசிலாமணி. "வித்திரலாமா?"

"தள்ளுனா நல்லதுதாம்ல! கம்ப்ரஷன் நல்லா இருக்குன்னு அர்த்தம்!" தங்கையாவின் குரல் ஏறியது. "பொறி இருக்கு, கம்ப்ரஷன் இருக்கு, பெட்ரோல் இருக்கு. பெறகு ஏன் எடுக்கல? ஏல, காத்து வாயில இருந்த துணியை எடுத்தீங்களா?"

"இல்லையே."

"ஏன் எடுக்கல?"

"நீங்கதானே ஸ்டார்ட் பண்ணும்போது எடுக்கச் சொன்னீங்க? அது இன்னும் ஸ்டார்ட் ஆகலையே. சுயம்பு காலையில இருந்து துணியைப் பிடிச்சிட்டுத்தான் இருக்கான். ஸ்டார்ட் ஆன அடுத்த நிமிசம் உருவிருவான்."

போனில் ஸ்பானர் ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"இப்பவே உருவச் சொல்லுங்க," என்றார் தங்கையா, மிக அமைதியாக.

சுயம்பு உருவினார். பிளக்கை மாட்டி, மூன்றாவது மிதியில் வண்டி 'டர்ர்ர்' என்று எழுந்தது. கடற்கரை முழுக்க நீலப்புகை. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாசிலாமணி ஆனந்தத்தில் அழுதே விட்டார். அந்த அழுகையில் மச்சினனின் முகம் கரைந்து போனது.

"கேளுங்கல," போனில் தங்கையா கத்தினார். "புது பிஸ்டன். முதல் டேங்க் பெட்ரோல் தீருத வரைக்கும் பாரம் ஏத்தக் கூடாது. கொஞ்ச நேரம் ஓட்டணும், பெறகு நிழல்ல ஆறப் போடணும். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க!"

இன்ஜினை அணைத்துவிட்டு, மனிதன் பாரமா இல்லையா என்று யோசித்தார்கள்.

"நான் ஒண்ணும் பாரமில்ல," என்றார் ஒல்லியான குருசு.

"உங்க மாமியார் அப்படிச் சொல்லலையே," என்றார் பிச்சைக்கனி.

அதற்குமேல் குருசு வாதாடவில்லை. யாரும் வண்டியில் ஏறக்கூடாது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அமாவாசைக் காலை. கடற்கரை நிறைய ஜனம். பிரசிடெண்டம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மிக்கேல் குதிரைக்குப் பூச்சூட்டி, எல்லாம் முடிந்ததுபோல் நின்றான்.

"கலங்கரை விளக்கம் வரை போயிட்டுத் திரும்பி வரட்டும்," என்றாள் பிரசிடெண்டம்மா. "கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்."

மாசிலாமணி வண்டியைக் கிளப்பினார். ஆக்சிலேட்டரை ரப்பர் பேண்டால் லேசாகக் கட்டினார். கியரைத் தட்டிவிட்டு, ஒதுங்கி நின்று கும்பிட்டார். வண்டி தன்பாட்டுக்குப் புறப்பட்டது. ஜனங்கள் வழிவிட்டார்கள். ஐஸ்காரர் சைக்கிளை மட்டும் உரசிக்கொண்டு, நேரே கலங்கரை விளக்கம் வரை போய், அங்கே குவித்திருந்த வலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

நாலு பேரும் ஓடினார்கள். ஓடிய வண்டியை இனி ஆறப் போட வேண்டும். ஆறுகிற வண்டியை ஓட்டுவது முறையில்லை. இரண்டு மூங்கிலைக் குறுக்கே கொடுத்து வண்டியைத் தோளில் தூக்கினார்கள். வேகாத வெயிலில், நாக்குத் தள்ள, மூச்சு இரைக்கச் சுமந்துகொண்டு வந்து பிரசிடெண்டம்மா முன்னால் இறக்கினார்கள்.

"இதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்று குதித்தான் மிக்கேல்.

பிரசிடெண்டம்மா கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். அவளும் ஆவலாங்கரையில் பிறந்து வளர்ந்தவள்தானே.

"போச்சுல்லா?"

"போச்சு," என்றான் மிக்கேல்.

"திரும்பி வந்துச்சுல்லா?"

"வந்துச்சு."

"பெறகு என்னத்தை வே பேசுதீரு?" என்று சொல்லி, இடத்தை மாசிலாமணிக்கே கொடுத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து, தங்கையா குடும்பத்தோடு ஆவலாங்கரைக்கு வந்தார். நாலு சக்கர பைக் சவாரி என்ற பலகையின் கீழே நல்ல கூட்டம். கொட்டகை நிழலில் வண்டி பளபளவென்று ஆறிக்கொண்டிருந்தது. வெளியே, மூங்கிலில் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பருத்த மனிதரை உட்காரவைத்து, நாலு பேரும் தோளில் சுமந்துகொண்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஓடிய பிச்சைக்கனி வாயால் 'டர்ர்ர்' என்று சத்தம் கொடுத்தார்.

தங்கையாவைக் கண்டதும் மாசிலாமணி சுமையை இறக்கிவிட்டு ஓடிவந்தார்.

"வண்டிக்கு என்னல ஆச்சு?" என்றார் தங்கையா.

"ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னபடியேதான் வச்சிருக்கோம். முதல் டேங்க் இன்னும் தீரல."

"நிறுத்தியே வச்சிருந்தா எப்படில தீரும்?"

"சும்மா நின்னாலும் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குறையத்தான் செய்யிது," என்றார் மாசிலாமணி, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "நாங்க விடுவோமா? தினமும் காலையில முதல் வேலையா நிரப்பிருதோம்."