முதலில் மேலே வருவது பொம்மை

ஊமத்தம்பாளையம் தீயணைப்பு நிலையத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர்கள் சோம்பேறிகள் இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு அதுதான் ஆபத்தாக முடிந்தது.

நிலைய அலுவலர் சென்னியப்பன். அவருக்குக் கீழே பொங்கியண்ணன், மாரப்பன், துரைக்கண்ணு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, கிணற்றில் விழுந்தவர்களைக் கயிறு கட்டித் தூக்குவது எப்படி என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். போகும்போது விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் ஏறும்போது அவர் கண் கலங்கியிருந்தது. தங்களைப் பிரிய மனமில்லாமல் அழுகிறார் என்று நால்வரும் நினைத்துக்கொண்டார்கள்.

கயிற்றில் வெயில் படக் கூடாது, மண் படக் கூடாது என்பது முதல் விதி. அதனால் அரசாங்கக் கயிறு சென்னியப்பன் வீட்டு பீரோவில், அவர் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை வாசத்தோடு இருந்தது. வெயில் ஏறுவதற்கு முன் பயிற்சியை முடிக்க வேண்டுமென்று தினமும் காலை ஆறு மணிக்கு அதை வெளியே எடுப்பார்கள்.

பயிற்சிக்கு ஒரு பொம்மை உண்டு. ஆள் வடிவத்தில் தைத்த கித்தான் சாக்கு, உள்ளே அறுபது கிலோ மணல், மேலே பழைய காக்கிச் சட்டை. 'பொம்மையை மனிதனாகவே நடத்துங்கள், அதனிடம் தைரியம் சொல்லிப் பழகுங்கள்' என்று தாளில் இருந்தது. எனவே தினமும் அதை மொட்டை மாடியிலிருந்து இறக்கும்போது நால்வரும் சேர்ந்து, "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்பார்கள். பொங்கியண்ணன் மட்டும் கூடுதலாக, "சாப்டீங்களா?" என்றும் கேட்பார்.

கடைசி விதி சிவப்பு மையில் இருந்தது. 'எந்த மீட்பிலும் முதலில் மேலே வருவது பொம்மை. அது பத்திரமாக வந்த பிறகே மனிதனைத் தூக்க வேண்டும்.'

இந்த ஒன்பது வருடத்தில் அந்த ஊரில் யாரும் கிணற்றில் விழவில்லை. இவர்கள் வந்து தூக்குவார்கள் என்ற பயமே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு மோட்டார் மெக்கானிக் கிட்டுசாமி மாட்டிக்கொண்டார். தோட்டத்துக் கிணற்றில் எழுபதடி ஆழத்தில் மோட்டாரைச் சரி செய்ய இறங்கியவர். இறங்கிய பிறகு மேலேயிருந்த கல்படி நாலு பெயர்ந்து விழுந்துவிட்டது. கணுக்காலும் பிசகிவிட்டது. மோட்டார் ஓடாததால் ஊற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மோட்டார் மேடைமேல் ஏறி நின்ற மனிதருக்கு முழங்கால்வரை தண்ணீர். நீச்சலும் தெரியாது.

அவர் மனைவி செல்லாத்தாள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஓடிவந்து, ஒரு தாம்புக்கயிற்றை இறக்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத் தீயணைப்பு நிலைய ஜீப் வந்துவிட்டது.

"யாரும் கிட்ட வரப்படாது!" என்று சென்னியப்பன் இறங்கினார். "அது மாட்டுக் கயிறு. மனுசனுக்குன்னு சான்று வாங்கின கயிறு எங்ககிட்ட இருக்குது. பயிற்சி இல்லாதவங்க எல்லாம் பத்தடி தள்ளி நில்லுங்க."

ஜனங்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். துரைக்கண்ணு டேப் வைத்து அளந்து பார்த்து, ஒரு கிழவரை அரையடி பின்னால் நகர்த்தினார். மாரப்பன் கயிற்றைத் தலையில் சுமந்து வந்தார். அவர் தலைக்கு மேலே இல்லாமல், கயிற்றுக்கு மேலே மட்டும் படும்படி பொங்கியண்ணன் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னுங்க, தண்ணி இடுப்புக்கு வந்துருச்சுங்க!" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கிணற்றுக்கு மேலே இரும்பு முக்காலியை நிறுத்தி, கப்பியை மாட்டி, முடிச்சுப் போட்டார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும் என்பது விதி.

"நான் போட்டனுங்க," என்றார் துரைக்கண்ணு.

"நான் பாத்தனுங்க. சரி," என்றார் மாரப்பன்.

"நீ சரியாத்தான் பாத்தியான்னு யாரு பாக்கறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் அவர் அலுவலர். மாரப்பன் பார்த்ததைப் பொங்கியண்ணன் பார்த்தார். பொங்கியண்ணன் பார்த்ததைச் சென்னியப்பன் பார்த்தார். சென்னியப்பன் பார்த்ததைப் பார்க்க மேலதிகாரி இல்லாததால், மறுபடி துரைக்கண்ணுவிடமே வந்தார்கள். அவர் பொறுப்புணர்ச்சி மிக்கவர். முடிச்சை முழுக்க அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "உள்ளயும் சரியாத்தானுங்க இருக்குது" என்றார்.

"அட பாவிகளா, என்ற ஊட்டுக்காரரு அங்க முழுகறாருடா!" என்று செல்லாத்தாள் பத்தடி தூரத்திலிருந்து கத்தினாள்.

"அதுக்குத்தாம்மா இவ்வளவு பாடு," என்று சென்னியப்பன் அவளை ஆறுதல்படுத்தினார். எனக்கு இந்த இடத்தில் கை அரிக்கிறது. அங்கே நான் இல்லாமல் போனது அவர்களுடைய நல்ல காலம்.

மறுபடி முடிச்சுப் போட்டு, கயிற்று நுனியிலிருந்த பெல்ட்டில் பொம்மையை மாட்டி இறக்கினார்கள். "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று நால்வரும் ஒரே குரலில் பொம்மைக்குத் தைரியம் சொன்னார்கள்.

கீழே கிட்டுசாமிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இத்தனை நேரத்துக்குப் பிறகு ஒரு அன்பான வார்த்தை. மேலேயிருந்து யாரோ இறங்கி வருவதும் தெரிந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். மணல் மூட்டை.

"அண்ணா, ஒரு மூட்டை வந்திருக்குதுங்க!"

"அதைத் தொடாதீங்க! அரசாங்கச் சொத்து!" என்று பதில் வந்தது. "அதை மேல ஏத்திப் பாத்துட்டு, சாமானெல்லாம் துடைச்சு, மறுபடி முடிச்சுப் பாத்துட்டு உங்களை ஏத்தறோம்."

தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. மெக்கானிக் அல்லவா, கொக்கி கழற்ற அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. பொம்மையைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். பெல்ட்டைத் தான் மாட்டிக்கொண்டார். "இழுங்க!" என்றார்.

விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு விதி. அதனால் யாரும் பார்க்கவில்லை. இழுத்தார்கள். சேறும் சகதியுமாகக் கிட்டுசாமி மேலே வந்து சேர்ந்தார்.

"ஐயா, பொம்மை மூச்சு வாங்குதுங்க," என்றார் பொங்கியண்ணன்.

"நான் கிட்டுசாமிங்க," என்றார் கிட்டுசாமி.

"பேசவும் பேசுதுங்க."

சென்னியப்பன் நிதானமாகத் தாளைப் பிரித்தார். "முதல்ல மேல வர்றது என்னன்னு போட்டிருக்குது?"

"பொம்மைன்னுங்க."

"இது எத்தனாவதா வந்துது?"

"முதல்லதானுங்க."

"அப்பறம் என்ன சந்தேகம்?"

"இருந்தாலும் பேசுதேங்க ஐயா," என்று இழுத்தார் மாரப்பன்.

"ஒம்பது வருசமா தெனமும் நாம அதுகிட்டப் பேசறோம். ஒருநாளாச்சும் பதில் சொல்லோணும்னு அதுக்கும் இருக்காதா?"

எல்லாருக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "சாப்டீங்களான்னு தெனமும் கேப்பனே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று பொங்கியண்ணன் கிட்டுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் விதிப்படி முக்காலியில் தராசை மாட்டி அவரைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஒல்லியான மனிதர், சரியாக அறுபது கிலோ இருந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குள் செல்லாத்தாள் பத்தடிக் கோட்டைத் தாண்டி ஓடிவந்து புருசனைக் கட்டிக்கொண்டாள். "வாங்க ஊட்டுக்குப் போலாம்," என்று தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா, அரசாங்கப் பொம்மையை அப்படியெல்லாம் கொண்டுபோகப்படாது," என்று சென்னியப்பன் மறித்தார். "ஊட்டுக்காரரை நெனச்சுக் கலங்கிப்போயிருக்கறீங்க, புரியுது. ஆறுதலுக்கு ஒருநாள் வேணும்னா வச்சுக்கங்க. கையெழுத்துப் போடுங்க."

'பொம்மை ஒன்று, ஈரமாகவும் பேசும் நிலையிலும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்த தாளில், எதுவாயிருந்தாலும் சரி என்று அவள் கையெழுத்துப் போட்டாள். இந்தக் கதையில் அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

பொம்மை பத்திரமாக வந்துவிட்டதால் இனி மனிதன். துரைக்கண்ணு கிணற்றில் இறங்கினார். தண்ணீருக்கடியில் துழாவினார். கொஞ்ச நேரத்தில், "ஆள் கெடச்சுட்டாருங்க!" என்று குரல் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பேச்சில்லீங்க" என்றார்.

மேலே தூக்கிய மணல் மூட்டைக்கு நாலு பேரும் மார்பை அமுக்கி முதலுதவி செய்தார்கள். நிறையத் தண்ணீர் வந்தது. "எவ்வளவு குடிச்சிருக்காரு பாரு" என்று மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டருக்கு முன்னால் நூறு பேர் நின்றார்கள். அவர் தலையைத் தூக்காமலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, 'நாடித்துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, உடல் சில்லிட்டிருக்கிறது' என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கிட்டுசாமி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. சென்னியப்பன் கையில் ஒரு மலர்வளையம்.

"எங்களால ஆனதைச் செஞ்சோம்மா," என்று தழுதழுத்தார். "உங்க ஊட்டுக்காரரு போயிட்டாரு."

இட்லி தின்றுகொண்டிருந்த கிட்டுசாமி, யார் போய்விட்டது என்று கேட்டுக்கொண்டே நொண்டி நொண்டி வெளியே வந்தார். நால்வரும் தொப்பியைக் கழற்றி இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கூடவே நின்றார்.

மௌனம் முடிந்ததும் சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "துக்கம் துக்கமா இருக்கட்டும். ஆறு மணிக்குப் பயிற்சி. பொம்மையைக் குடுத்துருங்கம்மா."

செல்லாத்தாள் புத்திசாலி. இவர்களிடம் வாதாடிப் பிரயோசனமில்லை என்று நேற்றே தெரிந்துகொண்டவள். ராத்திரியே ஒரு சாக்கில் மணலை நிரப்பி, தைத்து, புருசனுடைய பழைய சட்டையை மாட்டி உள்ளே தயாராக வைத்திருந்தாள். அதை இழுத்து வந்து வாசலில் போட்டாள். "இந்தாங்க உங்க பொம்மை. எடுத்துட்டுப் போங்க."

நால்வரும் குனிந்து பார்த்தார்கள். பொங்கியண்ணனுக்கு அழுகை பீறிட்டது.

"ஐயா, இது கிட்டுசாமியண்ணனுங்க. நேத்துப் பாத்த அதே மொகமுங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரியில ஊட்டுக்கு அனுப்பிட்டாங்களாட்டம் இருக்குது."

சென்னியப்பன் மலர்வளையத்தை மூட்டையின் மார்பில் பயபக்தியோடு வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து சல்யூட் அடித்தார். "நேரத்தோட எடுத்துருங்கம்மா, வெயில் ஏறிரும்," என்றார்.

பிறகு செல்லாத்தாள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டிவிட்டு, இட்லியும் கையுமாக நின்ற கிட்டுசாமியைக் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவராகத் தூக்கி ஜீப்பில் படுக்கவைத்து, வெயில் படாமல் குடை பிடித்தார்கள். வண்டி கிளம்பும்வரை அவர் அமைதியாகத்தான் இருந்தார். நால்வரும் ஒரே குரலில், "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று சொன்ன பிறகுதான் அலற ஆரம்பித்தார்.

"நேத்தைக்கு இன்னைக்கு நல்லாவே பேசுதுங்க," என்றார் பொங்கியண்ணன்.