நீட்டின கால்

ஒரு ஊர்ல ஒரு கடல் இருந்துச்சு. கடலை ஒட்டித் தெக்கே உப்பளம், வடக்கே வெறும் மணல். உப்பளத்துச் சனம் வருஷம் பூரா உப்புலயே நிக்கும். ஆனா ஒரே ஒரு நாள், பொங்கலுக்கு மறுநாள், கரிநாளன்னைக்கு, எல்லாரும் வடக்குப் பக்கத்து மணலுக்குப் போயிருவாங்க. சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு, கடலைப் பாத்து ஒரு பொங்கப்பானை வெச்சு, பொழுது சாயிற மட்டும் அங்கயே கிடப்பாங்க. வேலை கிடையாது, ஏவல் கிடையாது. படுத்தா படுத்ததுதான். ம் சொல்லு.

ம்.

அப்புறம் ஒரு வருஷம் என்னாச்சு, அந்த மணலைச் சுத்திக் கம்பிவேலி போட்டாங்க. வேலிக்கு ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு. உள்ள புல்லு வளத்தாங்க, ஊஞ்சல் போட்டாங்க, சிமெண்டுல பெருசா ஒரு மீன் செஞ்சு அதுக்கு நீலப் பெயிண்டு அடிச்சாங்க. வாசல்ல ஒரு போர்டு. மேல கொட்டை எழுத்துல ‘பொதுமக்கள் பூங்கா’. கீழ பொடி எழுத்துல புல்லுல உக்காரக்கூடாது, கம்பு நடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாதுன்னு ஒரே கூடாது. கூடாதுக்குக் கீழ ஒரு வாச்மேன். பேரு கோயில்பிச்சை. காக்கிச் சட்டை, தொப்பை மேல பெல்ட்டு, கழுத்துல ஒரு விசில். பீப்பீ!

உப்பளத்துச் சனம் போர்டைப் பாத்துச்சு, விசிலைக் கேட்டுச்சு, “நமக்கெதுக்கு வம்பு”ன்னு வீட்டுக்குள்ளயே பொங்க வெச்சுக்கிச்சு.

அந்தச் சனத்துல ஒரு சின்னப் பொண்ணு. சந்தனமாரின்னு பேரு. மூக்கு நீளம், வாய் அதை விட நீளம். அவ அம்மா ராசக்கனி. அந்த அம்மா கால் இருக்கே, உப்புத் தண்ணி தின்ன கால். பாதம் முழுக்க வெடிப்பு. ராசக்கனி உக்காந்தா முழங்காலைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காருவா. அளத்துல கங்காணி வந்தா மடக்கணும், பாதையில லாரி வந்தா மடக்கணும், சட்டை போட்ட எவன் வந்தாலும் மடக்கணும். அப்படியே பழகிப் போச்சு. கரிநாளன்னைக்கு அந்த மணல்ல மட்டும்தான் அவ காலை நீட்டுவா. நீட்டிட்டு, “யப்பாடி”ம்பா. அந்த “யப்பாடி”யைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆகப் போவுது சந்தனமாரிக்கு.

மறு கரிநாள் விடிஞ்சுது. சந்தனமாரி எழுந்தா. பானை, பச்சரிசி, கருப்பட்டி, அவிச்ச பனங்கிழங்கு, ரெண்டு பழைய சேலை, நாலு கம்பு, நாலு ஓலைப்பெட்டி, எல்லாத்தையும் திண்டுமுண்டுன்னு கட்டினா.

“எங்கட்டி கிளம்புத?”

“நம்ம மணலுக்கு. நீயும்தான். எந்திரி.”

“வாச்மேன் வைவான்டி.”

“வஞ்சா வையட்டும். காது இருக்கதே கேக்கத்தான்.”

வழியில உப்பளத்துப் பொம்பளைங்க எல்லாம் வாசல்ல நின்னு சிரிச்சாங்க. பேச்சியம்மான்னு ஒருத்தி, “ராசக்கனி, சாயங்காலம் உன் மகளைப் பெட்டிக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு வரணும் போல”ன்னா. சந்தனமாரி திரும்பிப் பாத்து, “பெட்டி பத்தாது சித்தி, நீயும் வந்து ஒரு கை பிடி”ன்னுட்டுப் போயிட்டா.

அப்புறம் பகல்ல கேட்டு திறந்துதான் கிடந்துச்சு, உள்ள போனாங்க. வெறிச்சோடிக் கிடக்கு பூங்கா. சிமெண்டு மீனும் கடலும்தான் ஒன்னையொன்னு பாத்துக்கிட்டு இருக்கு. சந்தனமாரி புல்லை விட்டுத் தள்ளி, கடலோரமா மணல் மிச்சம் இருந்த இடத்துல டொக் டொக்னு நாலு கம்பை நட்டுச் சேலையைக் கட்டினா. காத்து வந்து சேலை படபடபடன்னு அடிச்சுது.

பீப்பீ!

“ஏட்டி! போர்டைப் படிச்சியா?”

“படிச்சேன் மாமா. எழுத்து முத்து முத்தா இருக்கு.”

“கம்பு நடக்கூடாதுன்னு போட்டிருக்குல்லா? பிடுங்கு!”

சந்தனமாரி பிடுங்கினா. பிடுங்கி, நாலு ஓலைப்பெட்டியிலயும் மணலை அள்ளி அமுக்கி, பெட்டிக்கு ஒரு கம்பா ஊணி, மறுபடியும் சேலையைக் கட்டினா.

“இது என்னது?”

“கம்பு மாமா.”

“கம்பு கூடாதுன்னேம்லா!”

“தரையில நடக்கூடாதுன்னீங்க. இது எங்க பெட்டியிலல்லா நிக்கி? பெட்டி எங்க வீட்டுப் பெட்டி.”

கோயில்பிச்சை பெட்டியைச் சுத்தி வந்து பாத்தான். தரையில எங்கயும் குழி இல்ல. போர்டுல பெட்டியைப் பத்தி ஒன்னும் இல்ல. “வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும்”னு சொல்லிட்டு நிழலுக்குப் போயிட்டான். ஒரு கூடாது கழிஞ்சுது. ம்?

ம்.

அப்போ சந்தனமாரி கல்லைக் கூட்டி அடுப்பு வெச்சா. பனமட்டையை ஒடிச்சுச் சொருகி ஊதினா, ஊஃப், ஊஃப். தீ பிடிச்சுது. பானையில தண்ணி சூடாகி முணுமுணுன்னுது. ராசக்கனி கூடார நிழல்ல உக்காந்து, கடலைப் பாத்து, மெல்ல, பயந்து பயந்து, வலது காலை நீட்டினா. அப்புறம் இடது காலை நீட்டினா. “யப்...”

பீப்பீ!

பாதிதான் வந்துச்சு. ‘பாடி’ உள்ளயே போயிருச்சு.

கோயில்பிச்சை வாளியில தண்ணியோட வாறான், சளக் சளக்னு. “புகை! புகை! சாயங்காலம் பெரியவங்க காத்து வாங்க வருவாங்க, இங்க புகையா போடுதீங்க?”ன்னுக்கிட்டே வந்தவன், அடுப்புக்கு முன்னால டக்குனு நின்னான். ஏன் நின்னான்? நடுவுல ராசக்கனி கால் நீட்டிக் கிடக்கு. நீட்டின காலைத் தாண்டக்கூடாதுல்லா? நீ சின்னப் பிள்ளையில யாராச்சும் உன் காலைத் தாண்டினா, “திரும்பித் தாண்டு, திரும்பித் தாண்டு, இல்லேன்னா வளர மாட்டேன்”னு அழுவியே, அதான். காக்கி போட்டிருந்தாலும் அவனும் நம்ம ஊருப் பயதான.

நின்னவன், “ம்ம்ம்”னு ஒரு உறுமல் உறுமினான். ராசக்கனி பதறிப் போயி வெடுக்குனு காலை மடக்கிட்டா. வழி கிடைச்சுது. புஸ்ஸ்ஸ்ஸ்னு ஊத்திட்டான் தண்ணியை. அடுப்பு அணைஞ்சு போச்சு.

பொங்காம அணைஞ்ச அடுப்பு ஆகாதும்பாங்க. அந்த வருஷத்துக்கே ஆகாது. ராசக்கனி கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. “போயிருவோம்டி. நமக்குக் கொடுத்து வெச்சது அம்புட்டுதான்.”

அப்போ அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்களா?

நீ என்ன அவசரப்படுத? கேளு.

சந்தனமாரி அழுகல. நனைஞ்ச மட்டையைப் பாத்தா. வாளியைப் பாத்தா. அம்மா காலைப் பாத்தா. வாச்மேன் போட்டிருந்த பெரிய பூட்ஸைப் பாத்தா. அப்போதான் அவ மண்டைக்குள்ள மணி அடிச்சுது, டிங்!

“யம்மா. அவன் நின்னான், பாத்தியா?”

“யாரு?”

“வாச்மேன். நீ காலை மடக்குற மட்டும் அவன் நின்னான்.”

“அதுக்கு?”

“நீ ஏன் மடக்கின?”

யாரும் ராசக்கனிகிட்ட அதைக் கேட்டதே இல்ல.

“ஏட்டி, காக்கிச் சட்டைக்கு முன்னால காலை நீட்டிக்கிட்டு இருக்கவா? மரியாதை இல்லல்லா.”

“தீயில தண்ணி ஊத்துறது மட்டும் மரியாதையாக்கும்?”

சந்தனமாரி ஈரக் கல்லைப் புரட்டிப் போட்டா, அம்மா சேலைத் தலைப்பால துடைச்சா, கூடாரத்துக்குள்ள காஞ்சு கிடந்த ஓலையை எடுத்து மறுபடியும் மூட்டினா. ஊஃப், ஊஃப். “நீ காலை நீட்டு”ன்னா, ராசக்கனி அடுப்புக்கு முன்னால மறுபடியும் காலை நீட்டினா. புகை நெட்டுக்குத்தலா வானத்துக்குப் போச்சு.

அந்தப் புகையை உப்பளத்துத் தெருவுல இருந்து பாத்துட்டாங்க. “ஏ, இன்னும் இருக்காங்கட்டி! புகை வருது!” பேச்சியம்மா முதல்ல ஓடி வந்தா. பின்னால நாலு பேரு. அதுக்குப் பின்னால பத்துப் பேரு. ஆனா கேட்டுக்கு வந்ததும் எல்லாரும் நின்னுட்டாங்க. போர்டு நிக்கில்லா? கம்பி வழியா மூக்கை நீட்டி நீட்டிப் பாக்காங்க.

பீப்பீ! பீப்பீ! பீப்பீ!

கோயில்பிச்சை வாறான். இந்த வாட்டி ரெண்டு கையிலயும் ரெண்டு வாளி. திடுதிடுதிடுன்னு வந்து நின்னான்.

“கடைசியாச் சொல்லுதேன். மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பணும். ஏ பொம்பளை, காலை மடக்கு!”

சந்தனமாரி அம்மாவைப் பாத்தா. ராசக்கனி கால் விரல் எல்லாம் உள்ள சுருங்குது. முழங்கால் மெல்ல மேல எழும்புது. எழும்பி, எழும்பி... நின்னுச்சு. அப்புறம் மெல்லக் கீழ இறங்குச்சு. குதிகால் மணல்ல அழுந்துச்சு.

“மடக்க மாட்டேன்.”

“என்னது?”

“மடக்க மாட்டேன் அண்ணாச்சி. உப்புல நின்ன கால் இது. இந்த ஊரு சோத்துல போட்டுத் தின்னுற உப்பு, இந்தக் கால் மிதிச்ச பாத்தியில விளைஞ்சது. வருஷம் பூரா மடக்கிட்டேன். இன்னைக்கு மடக்க மாட்டேன். ஊத்தணும்னா ஊத்தும். ஆனா தாண்டிப் போய் ஊத்தும்.”

கேட்டுல நின்ன பேச்சியம்மா அதைக் கேட்டா. அவ என்ன செஞ்சா தெரியுமா? போர்டைப் பாக்கவே இல்ல. விறுவிறுன்னு உள்ள வந்து, ராசக்கனி பக்கத்துல தொபுக்குனு உக்காந்து, தன் காலை நீட்டினா. அவளுக்குப் பக்கத்துல இன்னொருத்தி. அவளுக்குப் பக்கத்துல இன்னொருத்தி. தொபுக், தொபுக், தொபுக்! அடுப்பைச் சுத்தி வட்டமா, வெளிப் பக்கம் பாத்துக் காலை நீட்டிக்கிட்டு, வெடிச்ச பாதமும் வீங்கின கணுக்காலும் வெள்ளிக் கொலுசுமா ஒரு வேலி! கம்பிவேலியெல்லாம் என்ன வேலி, அதைக் கன்னுக்குட்டி தாண்டிரும். இது கால்வேலி.

கோயில்பிச்சை கிழக்கே போனான். கால். மேக்கே போனான். கால். சுத்திச் சுத்தி வந்தான், வாளித் தண்ணி பாதி அவன் பேன்ட்டுலயே கொட்டிருச்சு. கடல் பக்கமா ஒரு சின்ன இடைவெளி தெரிஞ்சுது. அங்க ஓடினான். ஓடினா, அங்க சந்தனமாரி உக்காந்திருக்கா. குட்டிக் கால் ரெண்டையும் அகட்டி நீட்டி வெச்சுக்கிட்டு, “வாங்க மாமா”ங்கா.

அவன் பூட்ஸைத் தூக்கினான். ஒத்தைக் கால் அந்தரத்துல நிக்கி. அடுப்புல பானை மட்டும் கொதகொதன்னுது.

“தாண்டும் மாமா. ஆனா நான் வளரலேன்னா உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன், இதே உயரத்துக்கு, ஆயுசு பூரா.”

அவன் பூட்ஸைக் கீழ வெச்சான். “எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா விளக்குமாறு பிஞ்சிரும்”னு முனங்கினான். விசிலை எடுத்து ஊதினான். பீப்பீ! ஒரு கால் மடங்கல. இன்னும் பலமா ஊதினான். பேச்சியம்மா கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினா. எல்லாப் பொம்பளைங்களும் கட்டைவிரலை ஆட்டினாங்க.

அப்போதான் பானை பொங்குச்சு! வெள்ளை நுரை தளதளன்னு எழும்பி, கடல் பாத்த பக்கமா வழிஞ்சு, தீயில சொய்ங்னு விழுந்துச்சு. குலுலுலுலுன்னு குலவை போட்டாங்க பாரு, சிமெண்டு மீனே வாலை ஆட்டிருக்கும்.

கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, இலையில வெச்சுத் தின்னாங்க. பனங்கிழங்கை நார் உரிச்சுத் தின்னாங்க. ராசக்கனி ஒரு இலையில பொங்கலை வெச்சு கோயில்பிச்சைகிட்ட நீட்டினா. உக்காந்துக்கிட்டேதான் நீட்டினா, எந்திரிக்கல. அவன் வாளியைக் கவுத்திப் போட்டு அது மேல உக்காந்து தின்னான்.

சாயங்காலம் பெரியவங்க காத்து வாங்க வந்தாங்க. நல்ல சட்டை, நல்ல செருப்பு. வந்து பாத்தா மணல் பூரா காலு. “என்னய்யா இது?”ன்னு வாச்மேனைக் கேட்டாங்க. அவன் வாயில பொங்கல். “தாண்ட முடியாதுங்க”ன்னான். அவங்களாலயும்தான் தாண்ட முடியல. காலைச் சுத்திச் சுத்தி நடந்து போனாங்க. காலை மட்டும் ஒருத்தியும் மடக்கல.

பொழுது கடலை விட்டு மறுபக்கம் சாயிற நேரம், ராசக்கனி கண்ணை மூடிக்கிட்டு, “யப்பாடி”ன்னா. முழுசா வந்துச்சு. சந்தனமாரி அதைக் கேட்டுட்டுத்தான் மணல்ல சாஞ்சா.

அந்தப் போர்டு என்னாச்சுன்னா, அதை யாரும் எடுக்கல. இன்னும் நிக்கி. கரிநாள் வந்தா உப்பளத்துச் சனம் அதுல ஒரு முனையைக் கட்டித்தான் முதல் கூடாரம் போடுது. நல்ல பலமான கம்பு, காத்துக்கு அசையாது.

ம் சொல்லு.

...

அதான் கதை, கரை சேந்தாச்சு. நீயும் அப்படிச் சுருண்டு கிடக்காத, காலை நல்லா நீட்டு. யாரும் தாண்ட மாட்டாங்க. கால்மாட்டுல நான்தான் உக்காந்திருக்கேன். கண்ணை மூடு, தூங்கு.