துப்பாக்கிக்குக் கண் திறந்த கதை

குன்றக்கோட்டை என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. ராஜா காலையில் குதிரை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லையைச் சுற்றி வந்துவிடுவார், அவ்வளவுதான் ஊர். ராஜா வீரபூபதியின் பெருமை மட்டும் அந்த எல்லைக்குள் அடங்காது.

அவர் சீமையிலிருந்து ஒரு ரைபிள் துப்பாக்கி வரவழைத்திருந்தார். தேர்த் திருவிழா அன்று ஜனங்கள் முன்னிலையில் முதல் வேட்டுப் போட வேண்டும் என்று ஆசை. அன்று காலையில்தான் சபையில் வைத்து ஆணி பிடுங்கிப் பெட்டியைத் திறந்தார்கள்.

"சுடலாமா?" என்றார் ராஜா.

ஆயுதசாலை அதிகாரி நல்லமுத்து வணங்கினான். "முன்பே பரிசோதித்துவிட்டேன், மகாராஜா. புத்தம் புதுசு. தாராளமாகச் சுடலாம்."

ஆணி அடித்த பெட்டிக்குள் இவன் எப்படிப் பரிசோதித்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியுமா? அவன் ராணியின் தம்பி.

அவைப்புலவர் சபாபதிக் கவிராயர் மட்டும் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். குழலின் வாயில் ஓர் ஈ உட்கார்ந்தது. பிறகு அதனால் எழும்ப முடியவில்லை. ஏதோ பிசுபிசுப்பில் கால் ஒட்டிக்கொண்டு தவித்தது. உள்ளே என்னவோ அடைத்திருக்கிறது. இப்படியே சுட்டால் குழல் வெடிக்கும். ராஜாவின் முகம் என்ன ஆகும்?

"மகாராஜா, ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு..."

நல்லமுத்து சிரித்தான். "புதுசைத் துடைப்பதா? மகாராஜா வாங்கிய பொருளில் அழுக்கு இருக்கிறது என்கிறாரா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "ஓய் கவிராயரே, என்னைத் தவிர எவர் கையும் இதன்மேல் படக்கூடாது. தொடாமல் பரிசோதிக்க முடிந்தால் செய்யும். முடியாவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்டும்!"

கவிராயர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உத்தரவு. கோயிலுக்குப் புதுச் சிலை வந்தால் கண் திறக்காமல் பூஜை செய்வார்களா, மகாராஜா?"

"செய்யமாட்டார்கள்."

"இதற்கும் ஒரு கண் உண்டு. திறந்திருக்கிறதா என்று தாங்களே பாருங்கள். வாயை ஆளில்லாத ஜன்னல் பக்கம் திருப்புங்கள். குழலின் பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது பின்பக்கமிருந்து பாருங்கள். என்ன தெரிகிறது?"

"கும்மிருட்டு!"

"கண் திறக்கவில்லை."

"சரி, யாராவது திறங்களேன்!"

சபையில் ஒருவரும் அசையவில்லை. கவிராயர் பணிவாகச் சொன்னார்: "ஒரே ஒருவர்தான் தொடலாம் என்று சற்றுமுன் அரச கட்டளை பிறந்தது."

தன் வார்த்தையே தன் கழுத்தைப் பிடிக்க, ராஜா பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டினார். பெட்டியிலிருந்த துடைப்புக் கம்பியில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றி, பின்பக்கமாக நுழைத்துத் தள்ளினார். வண்டி அச்சுக்குப் போடும் மை மாதிரி கறுப்புப் பிசின் பிதுங்கி, ராஜாவின் கையெல்லாம் அப்பியது. இன்னும் அழுத்தினார். சுண்டுவிரல் பருமனில் ஒரு மரத்தக்கை தொப்பென்று தரையில் விழுந்தது. துருப்பிடிக்காமல் இருக்கக் கப்பலில் ஏற்றும்போது பிசினைப் பூசித் தக்கையால் அடைத்தது!

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. எட்டாவது துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சுப் பூசி, உலர்ந்த துணியால் குழலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உள்ளே வட்டமாக வெளிச்சம்.

"பரிசோதித்தாய் அல்லவா?" என்று மைத்துனனைக் கேட்டார்.

"பரிசோதித்தேன், அத்தான்... பெட்டியை."

"இன்றிலிருந்து நீ வண்டிக் கொட்டகையில் அச்சுக்கு மை போடு!"

அதே கையோடு மைதானத்துக்குப் போய்ச் சுட்டார். வேட்டுச் சத்தம் குன்றில் மோதித் திரும்பியது. ஜனங்கள் ஆரவாரித்தார்கள். குழல் முழுசாக இருந்தது. ராஜாவின் முகமும் முழுசாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ராஜா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கவிராயரை நோக்கி ஓடி வந்தார். கவிராயரோ திருவிழாவுக்கென்று வெள்ளைச் சரிகைச் சால்வை போர்த்தியிருந்தார். வருடத்தில் ஒரு நாள்தான் பெட்டியைவிட்டு வெளியே வரும் சால்வை. அவர் பதறிப் பின்வாங்கினார்.

"மகாராஜா! கை கழுவுங்கள்! முதலில் கை கழுவுங்கள்!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உயிரைக் காப்பாற்றிய உம்மையா? உம்மை ஒருநாளும் கை கழுவமாட்டேன்!" என்று சொல்லி, பத்து விரலும் பதிய இறுகக் கட்டிக்கொண்டார்.