ஸ்கூட்டர் குடித்த பெட்ரோல்

கடலோரத்தில் லாட்ஜ் நடத்தும் ரத்தினசபாபதி, புயலுக்கென்று ஐந்து லிட்டர் கேன் நிறையப் பெட்ரோல் வாங்கி வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார். போன புயலில், வருஷக்கணக்காய்க் கிடந்த அந்தப் பெட்ரோலை ஊற்றியதும் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுபோனது. பழி, வீட்டு வேலை செய்யும் அஞ்சலை மேல் விழுந்தது.

"புதுசா வாங்கி வச்சிருக்கேன். மாசாமாசம் குச்சி விட்டு அளப்பேன். ஒரு சொட்டு குறையக் கூடாது. அடுத்த புயலுக்குள்ள கெட்டும் போகக் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் உனக்கு வேலை இல்ல."

"சரிங்க முதலாளி" என்றாள் அஞ்சலை.

பத்து மாதம் கழித்துப் புயல் வந்தது. மின்சாரம் போய், போன் சார்ஜ் போடத் தெருவே அவர் வீட்டில் கூடியது. முதலாளி குச்சி விட்டு அளந்தார். கேன் நிறைந்திருந்தது. அஞ்சலை அதை ஊற்றிக் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தாள். ஜெனரேட்டர் ஓடியது.

"பத்து மாசப் பெட்ரோல் எப்படிடி ஓடுது?"

"பத்து நாள்தாங்க ஆகுது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடச் சொல்லி மாசாமாசம் அனுப்புவீங்கல்ல? கேன்ல இருந்ததை வண்டிக்கு ஊத்திட்டு, பங்க்ல கேனை நிரப்பிக்கிட்டு வந்துருவேன்."

"அப்ப நான் ஊர் சுத்தினதெல்லாம் கேன் பெட்ரோல்லயா?"

"ஆமாங்க. போன வாரம்கூட வண்டி பறக்குதுன்னீங்களே!"

தெரு சிரித்தது. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"புயல் ஓஞ்சதும் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுட்டு வா."

நாலடி நடந்தவர் திரும்பினார்.

"கேனையும் எடுத்துட்டுப் போ."