ராஜாவின் பாட்டும் முதல் வேளை மருந்தும்

செம்பாறை நாட்டு ராஜா கொற்றவேலருக்குக் கடவுள் எல்லாம் கொடுத்திருந்தார், குரலைத் தவிர. அதை அவரிடம் சொல்லக் கடவுளுக்கே தைரியம் வந்திருக்காது. சபையில் இருந்தவர்கள் எம்மாத்திரம்?

அரண்மனைக்குப் பின்னால் ஒரு வைத்தியசாலை இருந்தது. மரகதவல்லி என்ற வீணைக்காரி தினமும் சாயங்காலம் அங்கே வந்து நோயாளிகளுக்காக வாசிப்பாள். அது குழந்தைவேல் வைத்தியரின் ஏற்பாடு. "வீணை எலும்பை ஒட்டவைக்காது. ஆனால் மூச்சு சீராகும், பயம் விடும், தூக்கம் வரும். தூங்கினால் மருந்து தன் வேலையைப் பார்க்கும்" என்பார் அவர்.

இது ராஜாவின் காதுக்கு எட்டியது. கேவலம் வீணைத் தந்திக்கே இத்தனை குணம் என்றால் ராஜாவின் தொண்டைக்கு எத்தனை இருக்கும் என்று யோசித்தார். மறுநாள் காலை வைத்தியசாலைக்கே போய்ப் பாட ஆரம்பித்தார்.

பல்லவியில் காய்ச்சல்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அனுபல்லவியில் செருப்பைத் தேடினார்கள். சரணம் வருவதற்குள் கூடம் காலி. "பூரண குணம், மகாராஜா" என்று ஓடிக்கொண்டே கும்பிட்டார்கள். கால் முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கிடந்த யானைப்பாகன் பூதத்தான்கூட ஒற்றைக் காலில் வாசல்வரை போய் விழுந்தான்.

ராஜா பூரித்துப்போனார். அன்றே சபையில் உத்தரவு போட்டார். "நாளை முதல் வைத்தியசாலைக்குப் பூட்டு. மருந்தும் வேண்டாம், வீணையும் வேண்டாம். நோயாளிகள் இங்கே வரட்டும். நான் பாடுகிறேன்."

வைத்தியர் பரிதாபமாக விடங்கனைப் பார்த்தார். விடங்கன் அந்தச் சபையின் புத்திசாலி. விழுந்து கிடந்த பூதத்தான் அவனுடைய மச்சான். பெண்டாட்டியின் ஒரே தம்பி. சேர்ந்துகொண்டிருந்த எலும்பு விலகிவிட்டது, இன்னொரு தரம் இப்படி ஓடினால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்று வைத்தியர் கையை விரித்திருந்தார். விடங்கனுக்கு மச்சான்மேல் உண்மையான பிரியம் உண்டு. பெண்டாட்டிமேல் உண்மையான பயமும் உண்டு. மத்தியானம் அவள், "எந்தம்பி காலுக்கு இன்னும் ஏதாவது ஆச்சுன்னா, நீங்க இனிமே சபையிலேயே சாப்பிட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடங்கன் எழுந்தான். "மகாராஜாவின் பாட்டு மருந்துதான், சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து என்று ஆனபிறகு அதற்கொரு வழக்கம் இருக்கிறதே."

"என்ன வழக்கம்?"

"எந்தப் புது மருந்தானாலும், காய்ச்சியவர் முதல் வேளையைத் தாமே சாப்பிட்டுக் காட்ட வேண்டும். தங்கள் பாட்டனார் போட்ட சட்டம். போன மாதம்கூட வைத்தியர் ஒரு செம்பு வேப்பங்கஷாயம் குடித்தார்."

வைத்தியரின் முகம் அந்த நினைப்பிலேயே கோணியது.

"நான் பாடுகிறபோது நானும்தானே கேட்கிறேன்?" என்றார் ராஜா.

"அது கஷாயம் கிண்டுகிறவர் வாசனை பிடிக்கிற மாதிரி, மகாராஜா. குடித்த கணக்கில் சேராது. பாடி முடித்தபிறகு கேட்க வேண்டும். சபையில் பாடினால் பாதி ஜன்னல் வழியே சிந்திவிடும். அறுவடை வரைக்கும் நெற்களஞ்சியம் சும்மாதான் கிடக்கிறது. சுற்றி வட்டச் சுவர், மேலே கூண்டுக் கூரை. ஒரு சொட்டு வீணாகாது."

ராஜா உற்சாகமாக உள்ளே போனார். விடங்கன் கதவைச் சாத்தினான்.

ராஜா ஒரு வரி பாடி நிறுத்தினார். களஞ்சியம் நிறுத்தவில்லை. பாடிய வரி சுவரில் முட்டி, கூரையில் முட்டி, அவரிடமே திரும்பி வந்தது. போய்விட்டு மறுபடியும் வந்தது. உள்ளே குடியிருந்த புறாக்கள் கூரை ஓட்டை வழியே கிளம்பிப் போயின. ராஜாவுக்கு அந்த வசதி இல்லை. கதவைத் தட்டினார்.

வெளியே வந்தவருக்கு வேர்த்திருந்தது. படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பாகன் கால் எப்படி இருக்கிறது?" என்றார்.

"திருப்பிக் கட்ட வேண்டும், மகாராஜா" என்றார் வைத்தியர்.

"கட்டுங்கள். பூட்டு வேண்டாம். சாயங்காலம் வீணையும் நடக்கட்டும்."

விடங்கன் பணிவாகக் கேட்டான். "மருந்து வேலை செய்ததா, மகாராஜா?"

"செய்தது. பாட வேண்டும் என்று எனக்கொரு வியாதி இருந்ததே, அது ஒரே வேளையில் போய்விட்டது."

சொல்லிவிட்டு ராஜாவே சிரித்தார். கைக் கங்கணத்தைக் கழற்றி விடங்கனிடம் கொடுத்தார்.

அன்று ராத்திரி விடங்கன் வீட்டில்தான் சாப்பிட்டான்.